பேரவைச் சுவரின் மெருகு

பேரவை மண்டபங்களில் யாளி, அன்னம், கொடி என்று செதுக்கி வைப்பது அழகுக்காக என்று மக்கள் நம்புகிறார்கள். இது பிழை. இவ்வளவு காலம் யாரும் திருத்தாமல் விட்டது அதைவிடப் பெரிய பிழை. அழகு பார்க்க எவரும் பேரவைக்குப் போவதில்லை.

ஏகாம்பரம் என்னும் சிற்பிக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாட்டின் பேரவையைக் கட்டியவன் அவன்தான். வாசல் முழுக்க யாளிகளை நிறுத்தினான். உள்ளே நான்கு சுவர்களிலும் உளியே வைக்கவில்லை. கருங்கல்லை இழைத்து இழைத்து மெருகேற்றினான். எதிரே நின்று மீசை திருத்திக்கொள்ளலாம், அப்படி ஒரு மெருகு.

ஒருநாள் தன் குரு பூரணத்தம்மாளிடம் போய் நின்றான்.

"அம்மா, என் சுவரைக் குறை சொல்கிறார்கள்."

"யார்?"

"செங்கமலம். உப்பளத்துப் பக்கத்து உறுப்பினர். 'ஏன்யா, எங்க இல்லையை உன் சுவர் தின்னுடுச்சே' என்று வாசலில் வைத்துக் கத்துகிறார்."

"என்ன இல்லை?"

ஏகாம்பரம் சொன்னான். துறைமுகத்துக்காக உப்பளத்து ஊர்கள் மூன்றைக் காலி செய்ய ஒரு மசோதா. அந்த அவையில் குரலை வைத்துத்தான் முடிவு. அவைத்தலைவர் முதலில் 'ஆம்' என்போரைக் கேட்பார், உடனே 'இல்லை' என்போரை. எது பலமாகக் கேட்கிறதோ அது வென்றது. முதல் வாக்கெடுப்பில் 'ஆம்' வென்றுவிட்டது. இறுதி வாக்கெடுப்பு அடுத்த மாதம்.

"சத்தம் போதாதவர்கள் சுவரைத் திட்டுகிறார்கள் அம்மா."

பூரணத்தம்மாள் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

பேரவை மண்டபத்தில் கூரை வேலை கொஞ்சம் பாக்கி இருந்தது. ஓர் ஓரத்தில் சாரம் நின்றது.

"அதில் ஏறி நில்."

ஏறினான்.

அவர் எதிர்ச் சுவரோரம் போய் நின்று, "ஆம்!" என்று கத்தினார்.

குரல் மண்டபத்தைச் சுற்றியது. மறுபடியும் சுற்றியது. அது அடங்குவதற்குள் அவர் வாய் இன்னொரு முறை அசைந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு கேட்டார்.

"கேட்டதா?"

"கோயில் மணி மாதிரி கேட்டது அம்மா!"

"அடுத்துச் சொன்னது?"

"அடுத்து ஏதாவது சொன்னீர்களா?"

"காலடியில் கயிறு அவிழ்கிறது, இறங்கு என்றேன்."

ஏகாம்பரம் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் அவ்வளவு வேகமாக எவரும் சாரத்திலிருந்து இறங்கியதில்லை. தரையில் நின்று மூச்சு வாங்கிய பிறகுதான் கயிற்றைப் பார்த்தான். முடிச்சு இறுக்கமாகவே இருந்தது.

"பொய்யா அம்மா?"

"கயிறு அவிழ்ந்தது பொய். உனக்குக் கேட்காதது?"

அவன் திரும்பித் தன் சுவரைப் பார்த்தான்.

அவர் தரையில் கிடந்த உளியை எடுத்து நீட்டினார்.

"கொத்து."

"என்ன உருவம்?"

"உருவம் கேட்டேனா? குரல் வழுக்காமல் இருக்க வேண்டும். கொத்து."

"அம்மா, இந்த மெருகில் என் ஆயுள் இருக்கிறது."

"அந்த மூன்று ஊரில்?"

ஏகாம்பரம் உளியை வாங்கினான். வைக்க இடம் தேடினான். எங்கே வைத்தாலும் அங்கே அவன் முகம் இருந்தது.

கடைசியில் மூக்கின் மேல் வைத்தான்.

அடுத்த மாதம் அவை கூடியபோது நான்கு சுவர்களும் அம்மை கண்டு எழுந்த முகம் போலிருந்தன. உறுப்பினர்கள் முகம் சுளித்தார்கள். மசோதா வந்தது.

"ஆம் என்போர்?"

கூச்சல் எழுந்தது. சுவரில் மோதி, அங்கேயே நின்றது.

"இல்லை என்போர்?"

இந்தக் கூச்சலும் அதே அளவு கேட்டது. அவைத்தலைவர் இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, தலைகளை எண்ணச் சொன்னார்.