கழுவிய பாறை

"இன்னைக்கும் வரலைம்மா. நாப்பத்தேழு நாளாச்சு."

தெய்வசிகாமணி குகை வாசலில் நின்று முறையிட்டார். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு.

குகையில் இருந்த பேச்சியம்மை முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். குருதான். ஆனால் அவருக்கு மகள் வயதுதான் இருக்கும்.

பூதமலைக்கு வந்த அன்றே அவர் தன் குறையைச் சொல்லியிருந்தார்.

"கண்ணு போயிட்டிருக்கும்மா. ஓரத்துல ஆரம்பிச்ச இருட்டு நடுவுக்கு வருது. ஆறு மாசம்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்குள்ள கடவுளைப் பாத்துடணும்."

"அவ்வளவு பெருசை அப்புறம் பாக்கலாம். குகைக்குப் பின்னால ஒரு வெருகு இருக்கு. முதல்ல அதைப் பாருங்க."

வெருகு என்றால் காட்டுப்பூனை. வீட்டுப் பூனை அளவுதான், உடம்பெல்லாம் புள்ளி. பகலில் மரப்பொந்தில் தூங்கும். சருகின் மேல் நடந்தாலும் சத்தம் கேட்காது. அந்த மலையில் அதை முழுசாகப் பார்த்தவர் யாரும் இல்லை. வாலைப் பார்த்தவர்கள் இரண்டு பேர் உண்டு. அவர்களுக்கும் இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

தெய்வசிகாமணி ஒரு மண்டலம் விரதம் எடுத்தார். விடியும்போதே ஓடையில் குளியல், நெற்றி நிறையத் திருநீறு, கரைப்பாறையில் உட்கார்ந்து காத்திருத்தல். முப்பது வருஷம் ஆபீஸ் போன உடம்பு அல்லவா, ஒரு நாள் தவறவில்லை.

"நாளையோட மண்டலம் முடியுது. அதுக்கு என் மேல என்னம்மா கோபம்?"

"இன்னைக்கு என்ன செஞ்சீங்க?"

"வழக்கம்போலத்தான். குளிச்சேன். பாறையைக் கழுவினேன். உக்காந்தேன்."

முறம் நின்றது.

"பாறையை எதுக்குக் கழுவுறீங்க?"

"அதை ஏன் கேக்குறீங்க! நாயோ நரியோ, ஏதோ ஒரு சனியன் தினமும் நான் உக்கார்ற இடத்துலயே ஒண்ணுக்கு அடிச்சிட்டுப் போகுது. குடலைப் புரட்டுற நாத்தம். பக்கத்து மருதமரத்துலயும் அதே நாத்தம், நகத்தால கீறின கோடு வேற. ரெண்டு குடம் தண்ணி ஊத்தி, சாணி தெளிச்ச பிறகுதான் உக்காருவேன். விரதம்னா சுத்தம் வேணாமா?"

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு என்னவோ போலிருந்தது.

"நாளைக்கும் போங்க அய்யா," என்றாள்.

மறுநாள் மலை முழுக்கப் பனிமூட்டம். மருதமரம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. மறைப்பது பனியா, தன் கண்ணா என்று அவருக்குத் தெரியவில்லை. 

பாறையில் அதே நாற்றம். முகம் சுளித்துக்கொண்டே ஒரு குடம் ஊற்றித் தேய்த்தார். இரண்டாவது குடத்துக்காக ஓடையில் குனிந்தார். பத்தடி தூரம்கூட இல்லை.

நிமிர்ந்து திரும்பினார்.

பாறையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

தொட்டார். கழுவிய இடம் சுட்டது.

குருவிகள் ஒன்றும் கத்தவில்லை. எப்போது நிறுத்தின என்று அவருக்குத் தெரியாது. அவருடைய பிடரிக்குப் பின்னால், மிக அருகில், ஏதோ ஒன்று மூச்சை இழுத்து அவரை முகர்ந்தது.

அவர் திரும்பவில்லை. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்.

"அம்மா! இப்பதான் கழுவினேன். குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள மறுபடியும்... சுடச்சுட இருக்கும்மா. பயமா இருக்கு."

"ஒரு மண்டலமா தினமும் அந்த வெருகு உங்களுக்குச் சேதி வச்சிருக்கு. தினமும் அழிச்சா அதுக்கும் எவ்வளவு பொறுமைதான் இருக்கும்?"

தெய்வசிகாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆனா நான் பாக்கலையேம்மா," என்றார். அழுகை வந்துவிட்டது. "இன்னைக்கும் பாக்கலையே."

"பாத்தீங்களான்னு நான் கேக்கலை. வந்துச்சா?"

அவர் ஈரம் காயாத கையை மெல்ல மூக்கருகே கொண்டுபோனார். நாற்றத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ள, தன் கண்களைத் தானே இறுக மூடினார்.

"வந்துச்சு," என்றார்.