வாசலில் நிறுத்தப்பட்ட மஞ்சக்காலி

ஒரு காட்டில் மஞ்சக்காலி என்ற ஆள்காட்டிக் குருவிக்கு ஓர் அநியாயம் நடந்தது, பிள்ளைகளே. காட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் முதலில் வந்தவள் அவள்தான். ஆனால் ஒரு நாள்கூட அவளை உள்ளே உட்கார விடவில்லை. வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டார்கள்.

அது தடம் படிக்கும் பள்ளிக்கூடம். மயில் வாத்தியார் மணலில் காலடித் தடங்களை வரைந்து, எது யாருடையது என்று சொல்லிக் கொடுப்பார். முயல் வீட்டு, மான் வீட்டு, பன்றி வீட்டுப் பிள்ளைகளும் வாத்தியாரின் மகனும் சுற்றி உட்கார்ந்து படிப்பார்கள். தடம் தெரிந்தால்தானே காட்டில் உயிரோடு இருக்க முடியும்?

"நானும் உள்ளே வரட்டுமா ஐயா?" என்று மஞ்சக்காலி கேட்டாள்.

"நீ உள்ளே வந்தால் ஆபத்து நேரத்தில் கத்துவது யார்?" என்றார் மயில். "உன் அம்மாவும் இந்த வாசலில் நின்றவள்தானே? உங்கள் குலத்துக்குத் தொண்டை அப்படி அமைந்திருக்கிறது. பெருமைப்படு!"

பெருமைக்கு என்ன குறைச்சல்? பள்ளி ஆண்டு விழாவில் "எங்கள் காவல் தெய்வம்" என்று அவளைப் புகழ்ந்து, ஓர் இலந்தைப் பழத்தைப் பரிசாகத் தருவார்கள். அவள் புழு பூச்சி தின்கிறவள். பழம் பிடிக்குமா என்றுகூட யாரும் அவளைக் கேட்டதில்லை.

காவலுக்கு ஒரு சட்டம் உண்டு. காட்டைப் பார்த்தபடியே நிற்க வேண்டும். உள்ளே திரும்பினால் தலையில் ஒரு கொத்து விழும். அதனால், "இது நரி. இதோ, இது சிறுத்தை, நன்றாகப் பாருங்கள்" என்று வாத்தியார் சொல்வது அவள் காதில் விழும். அந்த 'இது' எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியாது.

ஒரு தடவை ஈர மண்ணில் ஏதோ தடத்தைப் பார்த்துப் பயந்து கத்திவிட்டாள். பாடம் கலைந்தது. எல்லாரும் ஓடி வந்து பார்த்தால், அது முள்ளம்பன்றியின் தடம்.

"அறிவிருக்கா உனக்கு? பார்த்த தடத்துக்கெல்லாம் கத்துவியா?" என்று வாத்தியார் எரிந்து விழுந்தார்.

"காவல்காரிக்கு முள்ளம்பன்றியே தெரியலடா!" என்று வாத்தியார் மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

மழை விட்ட ஒரு காலையில் மறுபடியும் ஒரு தடம் கிடந்தது. வட்டமாக, நகம் பதியாமல், நாலு விரலோடு நாணல் புதருக்குள் போயிருந்தது. மஞ்சக்காலி உற்றுப் பார்த்தாள். கத்தலாமா? போன தடவை கேட்ட சிரிப்பு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

பாதிப் பாடத்தில் நாணலைப் பிளந்துகொண்டு சிறுத்தை பாய்ந்தது! மஞ்சக்காலி அலறினாள். எல்லாரும் சிதறி ஓடினார்கள். முயல் குட்டிக்குக் காது கிழிந்தது. வாத்தியாரின் தோகையில் பாதி சிறுத்தையின் வாயோடு போனது.

மாலையில் காடே கூடியது. குற்றவாளி யார் தெரியுமா? சிறுத்தை இல்லை, மஞ்சக்காலி!

"தடம் காலையிலேயே கிடந்திருக்கு. உனக்குக் கண் அவிஞ்சா போச்சு?" என்று கத்தினாள் முயலம்மா.

"பார்த்தேன் அத்தை."

"பார்த்தும் சும்மா இருந்தாயா? பொறுப்பில்லாத கழுதை!" என்றார் மயில்.

மஞ்சக்காலிக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் தொண்டை திறந்துகொண்டது.

"சிறுத்தைத் தடம் எப்படி இருக்கும்னு எனக்கு யார் காட்டினா? பார்க்கத் திரும்பினா கொத்தினீங்க. தெரியாமக் கத்தினா சிரிச்சீங்க. தடம் படிச்சவங்க எல்லாம் உள்ளே பத்திரமா இருக்கீங்க. படிக்க விடாத என்னைத் தடம் பார்க்க வெளியே நிறுத்தியிருக்கீங்க. இது எந்தக் காட்டு நியாயம்?"

பன்றியம்மா மட்டும், "அவ கேக்குறதுல என்ன தப்பு?" என்று உறுமினாள்.

மயில் மிச்சத் தோகையைச் சரிசெய்துகொண்டார். "சரி, சரி. பெரிய மனசு பண்ணுகிறேன். நாளை முதல் சிறுத்தைத் தடம் ஒன்றை மட்டும் இவளுக்குக் காட்டுகிறேன். காவல் வேலைக்கு அது போதும். மற்றப் பாடமெல்லாம் இவளுக்கு எதற்கு?"

"கிடைச்சதை வாங்கிக்கோடி," என்று அம்மா ஆள்காட்டி மெல்லச் சிறகால் இடித்தாள்.

மஞ்சக்காலி அசையவில்லை.

"எனக்கு எது போதும்னு நீங்க அளக்க வேண்டாம் ஐயா. நாளையிலிருந்து எல்லாப் பாடத்துக்கும் உள்ளே மணல் பக்கத்துல உட்காருவேன். காவலுக்கு எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் முறை வைங்க. முதல் முறை உங்க மகனுக்கு. தொண்டைதான் காரணம்னா, உங்க வீட்டுத் தொண்டை மலைக்கு அந்தப் பக்கமே கேக்குமே!"

நீதி: படிக்க வந்த பிள்ளையை வேலைக்கு நிறுத்திவிட்டு, அதற்கு அறிவில்லை என்று ஏசுவது அநியாயம். எல்லாப் பாடமும் எல்லாப் பிள்ளைக்கும் சொந்தம்.