அக்காவும் சம்பங்கிக் கிழங்கும்

முன்னொரு காலத்தில், மலைகளெல்லாம் நடக்கத் தெரிந்தும் சோம்பலில் உட்கார்ந்திருந்த காலத்தில், கொன்றைநாட்டில் வஞ்சி என்றொரு பெண் இருந்தாள். கேட்ட குரலையெல்லாம் அப்படியே பேசுவாள். ராஜா மாதிரிக் கொட்டாவி விட்டால் சேவகர்கள் படுக்கை விரிப்பார்கள். மாடு மாதிரிக் கத்தினால் பால்காரர் சொம்போடு ஓடி வருவார்.

ஒருநாள் சந்தையில், அவளைப் போலவே பல குரலில் பேசும் மந்திரவாதி கருங்கோடன் தும்மினான். "அச்சங்... கீ!"

வஞ்சியும் தும்மினாள். அதே அச்சங், அதே கீ. சந்தையே சிரித்தது.

கருங்கோடன் சிரிக்கவில்லை. வஞ்சிக்கு இருந்த ஒரே சொந்தம், அக்கா பூவாயி, பக்கத்தில் நின்றாள். அவளைப் பார்த்து விரலைச் சொடுக்கினான். அக்கா நின்ற இடத்தில் ஒரு சம்பங்கிக் கிழங்கு கிடந்தது.

"பூத்தா வருவா. கத்தி பட்டா சாவா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

வஞ்சி அதைச் சட்டியில் நட்டாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். பூத்ததா? பூக்கவில்லை. கூடை கூடையாக எரு போட்டாள். பூத்ததா? பூக்கவில்லை. ராஜா குரலில், "பூத்துவிடு, இது அரச கட்டளை," என்று அதட்டினாள். ம்ஹூம். இலைதான் புதராக வந்தது. அதுவும் பழுத்துக் காய்ந்தது.

அக்கா செத்துவிட்டாளோ என்று பதறித் தோண்டினாள். நடுவே தாய்க்கிழங்கு, அதில் பழைய பூத்தண்டு இருந்த தழும்பு. சுற்றிலும் குட்டிக் கிழங்குகள், மூச்சுவிட இடமில்லாமல்.

'அக்காவைப் பூத்து ஓய்ந்த கிழங்காக மாற்றி ஏமாற்றியிருக்கிறான். இனி பூத்தால் குட்டிகள்தான். அதுவும் பிரித்து நட்டால்.'

கத்தி வேண்டாம், கை போதும். மெல்லப் பிரித்தாள்.

"வலிக்குதே வஞ்சி, விட்டுரு."

அக்காவின் குரல். அச்சு அசல். வஞ்சியின் கை நின்றது.

அடுப்பில் விரல் சுட்டபோது அக்கா என்ன சொன்னாள்? "ஒண்ணுமில்ல." காய்ச்சலில் கிடந்தபோது? "ஒண்ணுமில்ல." தன் சோற்றைத் தங்கைக்கு வைத்துவிட்டுப் பசியோடு படுத்தபோது? "ஒண்ணுமில்ல." அந்த 'ஒண்ணுமில்ல'யை எத்தனையோ முறை பேசிக்காட்டி ஊரைச் சிரிக்க வைத்தவள் வஞ்சி. அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"சுவருக்குப் பின்னாடி யாரு, கருங்கோடன் மாமாவா? குரல் நல்லாத்தான் வருது. அக்காதான் வரல," என்றாள் வஞ்சி.

சுவருக்குப் பின்னால் ஒரு தும்மல் கேட்டது.

வஞ்சி குட்டிகளைப் பிரித்து நிழலில் உலர்த்தினாள். உடைந்த பானை, ஓட்டைக் குடம், பழைய உரல் என்று கிடைத்ததிலெல்லாம் ஒவ்வொன்றாக நட்டாள். எதில் அக்கா இருக்கிறாள்? தெரியாது. அதனால் எல்லாவற்றையும் அக்காவாகவே பார்த்துக்கொண்டாள். மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். மற்றபடி காத்திருந்தாள், யார் குரலிலும் பேசாமல்.

ஒரு மாலை வீடெல்லாம் மணந்தது. எல்லாத் தண்டிலும் வெள்ளை வெள்ளையாகப் பூ. நடுவில் பூவாயி, தலைமுடியெல்லாம் மண்ணோடு.

கருங்கோடனுக்கு அன்றைக்கு எல்லாக் குரலும் போய்விட்டது. மிஞ்சியது அந்தத் தும்மல் ஒன்றுதான்.

"எப்படி இருந்தேக்கா உள்ளே?"

"ஒண்ணுமில்ல."

வஞ்சி பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, நிஜமாச் சொல்லு."

அது அவளுடைய சொந்தக் குரல். பூவாயி அதை அதிகம் கேட்டதில்லை.

"இருட்டா இருந்துச்சுடி," என்று தொடங்கினாள்.

பூ வாடும்வரை அக்கா பேசினாள், தங்கை கேட்டாள். பிறகு அந்தக் கிழங்குகள் பிரிந்து பிரிந்து ஊரெல்லாம் போயின. உங்கள் வீட்டுச் சட்டியிலும் ஒன்று இருக்கலாம், பாருங்கள்.