இன்ஸ்பெக்டரின் தேய்த்த சட்டை

தேய்ப்பு வண்டி மாரிக்கனி, தேய்த்த துணியைக் கொடுக்க ஓய்வுபெற்ற தபால்காரர் ஞானசிகாமணி வீட்டுக்குப் போனாள். மனுஷன் செல்போனைப் பிடித்தபடி வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

“உங்க ஊர் இன்ஸ்பெக்டர் பேசுறேன்யா! உன் பேர்ல போதைப் பார்சல் பிடிபட்டிருக்கு. பேங்க்ல இருந்து வந்த நம்பரைச் சொல்லு, இல்லேன்னா உடனே கைது!” என்று ஸ்பீக்கரில் அதட்டியது ஒரு குரல்.

அவர் அந்த எண்ணைப் படிக்க வாயெடுத்தார். மாரிக்கனி பணிவாகக் குறுக்கே புகுந்தாள்.

“கும்பிடுறேன் ஐயா. ஸ்டேஷன் துணியெல்லாம் தேய்க்கிற மாரிக்கனி பேசுறேன். உங்க காக்கிச் சட்டை ரெண்டும் தேய்ச்சாச்சு. யாரை அனுப்புறீக?”

“கான்ஸ்டபிள் வருவான். நீ தள்ளிப் போ!”

“எங்க இன்ஸ்பெக்டர் பொம்பளையாச்சே ஐயா! அவுக சட்டையை நேத்தே வாங்கிட்டுப் போயிட்டாக. நீங்க எந்தச் சட்டைக்கு ஆள் அனுப்புறீக?”

மறுகணமே இணைப்பு அறுந்தது.

“கர்த்தர்தான் உன்னை அனுப்பினாரு தாயி,” என்றார் பெரியவர்.

“அவருக்கு ஸ்தோத்திரம், அண்ணாச்சி. இப்போ சைபர் போலீஸ் நம்பர் 1930க்குப் போட்டு, அவன் கூப்பிட்ட நம்பரைச் சொல்லுங்க. அடுத்த வீட்டுக்கும் கூப்பிடுவான்ல?”

அவர் புகார் சொல்லி முடித்த பிறகே அவள் கிளம்பினாள். வீடு வீடாகத் துணியோடு விஷயத்தையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் அதே குரல் நாலு வீட்டுக்குப் போன் போட்டது. நாலு வீட்டிலும் அதற்குக் கிடைத்தது வெறும் சிரிப்புதான்.