தந்தகேசரி பிடுங்கிய பல்

மருதந்துறை அரண்மனையில் பல் பிடுங்குவதற்கென்றே ஒரு வைத்தியர் இருந்தார். பெயர் கூத்தப்பெருமாள். ஒரு முறை பட்டத்து யானைக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார். பல் போன சங்கதி யானைக்கு மூன்றாம் நாள் கரும்பு கடிக்கும்போதுதான் தெரிந்தது. நம்பாதவர்கள் யானையைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கைத்திறனுக்காக அரசர் அவருக்குத் ‘தந்தகேசரி’ என்று பட்டம் கொடுத்தார். பல் வைத்தியத்தில் சிங்கம் என்று அர்த்தம்.

அறுபத்தைந்து வயதில் அவருக்கு ஓய்வு கொடுத்தபோது, “பதவிதான் போகிறது வைத்தியரே, பட்டம் உம்மிடமே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார் அரசர். பட்டத்தோடு ஒரு கட்டியக்காரனும் ஒட்டிக்கொண்டான். வைத்தியர் கீரை வாங்கப் போனாலும் முன்னால் நடந்து, “தந்தகேசரி வருகிறார்” என்று கூவுவது அவன் வேலை.

ஏழு வருஷம் கழித்து ஒரு நாள் காலை, அந்தக் கூவல் சடைச்சியம்மாவின் மடத்து வாசலில் கேட்டது.

சடைச்சியம்மா துறவி. நாற்பது வயது. பெயர்தான் சடைச்சி, தலை மொட்டை. ஓய்வுக்குப் பிறகு வைத்தியர் அவரிடம் சீடராகச் சேர்ந்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வருவார்.

“இன்று செவ்வாய் ஆயிற்றே, வைத்தியரே.”

“மனசு சரியில்லை, தாயே. வேலாச்சி என் வீட்டுக்கு வந்தாள்.”

வேலாச்சி அவரிடம் தொழில் கற்றவள். இப்போது அரண்மனைப் பல் வைத்தியர் அவள்தான்.

“வந்து?”

“பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்கிறாள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து. நான் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை.”

“எதற்காம்?”

“இளவரசிக்குப் பல்வலி. ஏழு வயசுக் குழந்தை, கன்னம் பணியாரமாக வீங்கிக் கிடக்கிறது. பிடுங்கியாக வேண்டும். ராஜ குடும்பத்துப் பல்லைப் பட்டம் உள்ளவர்தான் தொடலாம் என்பது அரண்மனை வழக்கம். பட்டமோ ஒன்றுதான். நான் விட்டால்தான் அவளுக்கு.”

“நீங்கள் விடவில்லை.”

“நானே பிடுங்குகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என்னைக் கூட்டிப்போகப் பல்லக்கை இங்கேயே வரச் சொல்லியிருக்கிறேன். குழந்தையிடம் தந்தகேசரி வருகிறார் என்று சொன்னார்களாம். கேசரி என்றால் ஒரு கிண்ணம் கொண்டுவாருங்கள் என்றதாம்.”

சடைச்சியம்மா சிரிக்கப் பார்த்தார். சிரிக்க முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

“அப்புறம் என்ன கேள்வி, வைத்தியரே?”

“நாற்பது வருஷம் உழைத்து வாங்கிய பெயர், தாயே. ஓய்வு பெற்றவன் அதை வைத்துக்கொண்டால் என்ன தப்பு? அது யாரைக் கடிக்கிறது?”

அம்மா மறுபடி கன்னத்தைத் தடவிக்கொண்டார். பிறகு கேட்டார்.

“குறடு கொண்டுவந்திருக்கிறீர்களா?”

“அது இல்லாமல் நான் வாசல் தாண்டுவதில்லை.”

“எனக்கும் மூன்று நாளாகப் பல்வலி. கீழ்வரிசை, இடது பக்கம். சொத்தை. பிடுங்கிவிடுங்கள்.”

வைத்தியருக்குப் பத்து வயது குறைந்தது. மேல்துண்டை இடுப்பில் கட்டினார். குறடை வெந்நீரில் போட்டு எடுத்தார். மடத்தில் இருந்த நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள். கட்டியக்காரனும் கோலைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். குறடு வாய்க்குள் போகும்போது பட்டத்தைச் சொல்ல வேண்டும் என்பது அவனுக்கு உத்தரவு.

சமையல்கட்டிலிருந்து மடத்துச் சமையல்காரி பேச்சி எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, மெதுவாகக் கூவச் சொல்லுங்க. அடுப்பில் பால் இருக்கிறது, திரிந்துவிடும்.”

வைத்தியர் அவளைக் கவனிக்கவில்லை.

“வாயைத் திறங்கள், தாயே. ஆ என்று சொல்லி முடிப்பதற்குள் பல் என் கையில் இருக்கும்.”

சடைச்சியம்மா ஆ என்றார். சொல்லி முடித்தும் விட்டார். வைத்தியரின் கை பல்லைத் தேடிக்கொண்டிருந்தது. நடுக்கம் தெரியாமல் இருக்க இரண்டு தரம் இருமினார். குறடு ஒரு பல்லைக் கவ்வியது.

அம்மாவின் வலது கை மேலே எழுந்தது.

“தந்தகேசரி” என்று கூவினான் கட்டியக்காரன்.

கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல மடிக்கு இறங்கியது.

வைத்தியர் அம்மா சாய்ந்திருந்த பலகையில் ஒரு காலை ஊன்றி இழுத்தார். முறுக்கி இழுத்தார். அம்மாவின் கண்களிலிருந்து நீர் காதுவரை ஓடியது. மூன்றாவது இழுப்பில் பல் வந்தது.

வைத்தியர் அதைத் தண்ணீரில் அலசி, எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார்.

தேங்காய்ச் சில்லு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. எங்கும் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை.

மறுபடி கூவுவதற்காகத் திறந்த கட்டியக்காரனின் வாய் திறந்தபடியே நின்றது.

அந்த அமைதி வைத்தியருக்குப் புரியவில்லை. பல்லைக் கண்ணருகே கொண்டுவந்தார். எட்டப் பிடித்தார். திருப்பினார். பிறகு சடைச்சியம்மாவின் தாடையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, உள்ளே பார்த்தார்.

சொத்தைப் பல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில் ரத்தம் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

குறடு தரையில் விழுந்தது. வைத்தியரும் தரையில்தான் உட்கார்ந்தார். அத்தனை வருஷத்தில் இந்த மாதிரி ஒரு தரம் நடந்ததில்லை. நடந்ததாக யாரும் அவரிடம் சொன்னதில்லை.

பேச்சி உப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். சடைச்சியம்மா கொப்பளித்துத் துப்பினார். ஒரு துணியைச் சுருட்டிப் பள்ளத்தில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

வாசலில் ஆள் அரவம் கேட்டது.

“பல்லக்கு வந்துவிட்டது. இளவரசி அழுதுகொண்டிருக்கிறார். தந்தகேசரி ஐயா சீக்கிரம் புறப்படலாம்.”

வைத்தியர் எழவில்லை. அவர் குரல் அவருக்கே கேட்காத மாதிரி வந்தது.

“தாயே, குறடு பட்டதுமே உங்களுக்குத் தெரிந்திருக்குமே.”

“தெரிந்தது.”

“பக்கத்துப் பல் என்று தெரிந்ததா?”

“தெரிந்தது. தடுக்கத்தான் கையைத் தூக்கினேன்.”

“தூக்கினீர்கள். நான் பார்த்தேன். ஏன் இறக்கிவிட்டீர்கள்?”

சடைச்சியம்மா வாயிலிருந்து துணியை எடுத்தார்.

“உங்கள் பட்டம் காதில் விழுந்தது. அவ்வளவு பெரியவர் பிடித்தால் அது சரியான பல்லாகத்தான் இருக்கும், எனக்குத்தான் வலிக்கிற இடம் தெரியவில்லை என்று நினைத்துவிட்டேன். எனக்கு நாற்பது வயசு, வைத்தியரே. இளவரசிக்கு ஏழு என்றீர்கள்.”