தலையில் விழப்போகும் செலவு

தலையாட்டிப்பட்டியில் யார் எதைச் சொன்னாலும் முதலில் தலையாட்டிவிடுவார்கள். சொன்னது என்ன என்று யோசிப்பதெல்லாம் வீட்டுக்குப் போகிற வழியில்தான்.

அந்த ஊர் மொக்கையனுக்கு ஞாயிற்றுக்கிழமை மகள் காதுகுத்து. கறி ஆக்க மச்சான் வீட்டிலிருந்து வாய் குறுகின பெரிய குண்டான் வந்தாச்சு. கெடா வாங்கத்தான் காசில்லை. அந்த நேரம் பார்த்து காண்ட்ராக்டர் வேலப்பன், தான் கட்டுகிற தண்ணீர்த் தொட்டிக்குக் குழி வெட்டும் வேலையை மட்டும் மொக்கையனுக்கும் அவன் கூட்டாளிகள் சடையன், ஒண்டியப்பன் இருவருக்கும் சப்-காண்ட்ராக்டாக விட்டார்.

"கூலி பேசினபடி. எதிர்பாராத செலவு ஏதாச்சும் வந்தா உங்க தலையிலதான் விழும். சம்மதமா?"

மூன்று தலையும் ஆடின.

வழியில்தான் மொக்கையனுக்கு உறைத்தது. "ஏண்டா, அது எவ்வளவு கனம் இருக்கும்?"

"செலவுல சின்னதும் இருக்கு, பெருசும் இருக்கு," என்றான் சடையன். "எதுக்கும் தலையை மூடிக்குவோம்."

"எதிர்பாராததுதானே விழும்? நான் எதிர்பார்த்துக்கிட்டே உட்கார்ந்துட்டா?" என்றான் ஒண்டியப்பன். இவனுக்கு இத்தனை மூளையா என்று மற்ற இருவரும் அசந்துபோனார்கள்.

மறுநாள் ஒண்டியப்பன் ரோட்டோரம் உட்கார்ந்து செலவு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். சடையன் தலையில் மண் அள்ளும் சட்டி. மொக்கையன் தலையில் காதுகுத்துக் குண்டான். இடுப்பளவு வெட்டியதும் கடப்பாரை 'ணங்' என்றது. பாறை.

வேலப்பன் ஓடிவந்தார். "வெடி வைக்கணும். அந்தச் செலவு உங்க தலையில."

மொக்கையன் குண்டானை லேசாகத் தூக்கிப் பார்த்தான். "பாறை காலுக்குக் கீழதானே கெடக்குதுங்க. தலையில எங்க விழுந்துச்சு?"

"பாறை இருக்கும்னு எவன்டா எதிர்பார்த்தான்?"

"நான்தாங்க," ஒண்டியப்பன் ரோட்டிலிருந்து கை தூக்கினான். "விடிஞ்சதிலிருந்து எதிர்பார்க்கிறேன். பஸ்ஸுல வரும்னு நெனச்சேன், அது அடியில வந்திருச்சு."

வேலப்பனுக்குத் தலை சுற்றியது. வெடிக்காரரைத் தன் செலவிலேயே கூட்டிவந்தார்.

வெடி வெடித்ததும் ஒரு கல் பறந்துவந்து, புளியமரத்தடியில் நின்ற மொக்கையனின் குண்டான்மேல் 'டொங்' என்று இறங்கியது.

"இப்ப விழுந்துச்சா தலையில?" என்று துள்ளினார் வேலப்பன்.

மூவரும் தள்ளிப்போய், குசுகுசுவென்று வெகுநேரம் ஆலோசித்தார்கள். சடையன்தான் வந்து தீர்ப்புச் சொன்னான். "குண்டான் மேலதாங்க விழுந்துச்சு. குண்டான் இவன் மச்சானோடது. அவர்கிட்ட கேட்டுக்குங்க."

குழி முடிந்ததும் வேலப்பன் கூலியைக் கையில் திணித்து, பெரிய கும்பிடாகப் போட்டு அனுப்பிவைத்தார்.

கெடாவும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரிகிறது, மசாலா அரைத்தாயிற்று, சொந்தபந்தமெல்லாம் பந்திக்குக் காத்திருக்கிறது. குண்டான்தான் வரவில்லை. கல் விழுந்த வேகத்தில் மொக்கையன் கழுத்துவரை இறங்கி இறுகிப்போனது, எண்ணெய் தடவி இழுத்தும் அசையவில்லை.

"ஊரே பசியோட உட்கார்ந்திருக்கு. கறியை எதுலய்யா ஆக்குறது?" என்றாள் அவன் பெண்டாட்டி பேச்சி.

சடையன் தாடையைச் சொறிந்தான். "ஆளைத் தலைகீழா நிறுத்தினா குண்டான் நிமிர்ந்துக்கும். அப்படியே அடுப்புல ஏத்திடலாம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். குண்டானும் ஆடியது.

"நல்லதாப் போச்சு," என்றது உள்ளேயிருந்து மொக்கையன் குரல். "உப்பு பார்க்கத் தனியா ஆள் வேணாம்."