கழுத்துக்கு வைத்த பந்தயம்

“இதைக் கழட்டிடுங்க, டாக்டரம்மா.”

சண்முகத்தாய் உட்காரக்கூட இல்லை. மகள் தன்யாவின் வாயைத் திறந்து காட்டினாள். மேல்வாயை விரிக்க ஒட்டிய கம்பித் தகடு. நடுவில் ஒரு திருகு.

“தினம் சாவி போட்டுத் திருப்பினேன். பிள்ளை கத்தக் கத்தத் திருப்பினேன். வாய் விரிஞ்சுது. கழுத்து இன்னும் முன்னால நீட்டிக்கிட்டுத்தான் நிக்குது.”

“கழுத்தை நேராக்குறேன்னு நான் சொன்னேனா, அக்கா?” டாக்டர் ஹெப்சிபா கேட்டார்.

“சொல்லலை. நானா நினைச்சுக்கிட்டேன்.”

“சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மாறும். சிலருக்கு மாறாது. இவளுக்கு மூக்கு வழி குறுகல், வாயாலதான் மூச்சு விடுறா. மேல்வாய் விரிஞ்சா மூக்கால விடுவா. முதல்ல அது.”

“பி.டி. சார் அணிவகுப்புல இருந்து எடுத்துடுவேங்கிறார். கொக்கு மாதிரி நிக்கிறாளாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அவருக்கு என்ன சொல்ல? இவ முதுகுல ரெண்டு வெச்சேன். திமிரு, டாக்டரம்மா. நேரா நில்லுன்னா நிப்பா. நான் அந்தப் பக்கம் போனதும் பழையபடி நீட்டுவா.”

“திமிரு இல்லை,” என்றாள் தன்யா.

“பார்த்தீங்களா, பேச்சை?”

டாக்டர் இரண்டு பஞ்சுத் துண்டுகளை எடுத்து நீட்டினார்.

“இதை மூக்குல அடைச்சுக்கிட்டு அந்த ஸ்டூல்ல கால் மணி நேரம் நேரா உட்காருங்க. உட்கார்ந்துட்டா இப்பவே கழட்டிடறேன்.”

“கால் மணி என்ன, பொழுதுக்கும் உட்காருவேன்.”

அடித்து வைத்த ஆணி மாதிரி உட்கார்ந்தாள்.

கடிகாரத்தைப் பார்த்தாள். கேஸை அணைத்தோமா என்று யோசித்தாள். இரண்டு மணி பஸ் போய்விடுமே என்று யோசித்தாள். டாக்டர் தன்யாவின் பல்லை அளந்துகொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை கைபேசியை எடுத்து எதையோ படம் பிடித்தார்.

கால் மணி ஆனது. பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள்.

“ஆடலை, அசையலை. கழட்டுங்க.”

டாக்டர் கைபேசியை அவள் கையில் கொடுத்தார்.

பக்கவாட்டில் எடுத்த படம். திறந்த வாய். தூக்கிய மோவாய். முன்னால் நீண்ட கழுத்து.

“இவளை எதுக்கு...”

நிறுத்தினாள். படத்தில் இருந்தது தன் பச்சைச் சேலை.

தன்யா எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

சண்முகத்தாய் பையிலிருந்து தன் கைபேசியை எடுத்தாள்.

“சார், தன்யா அம்மா பேசுறேன். என் பிள்ளை அணிவகுப்புக்கு வருவா. இப்ப எப்படி நிக்கிறாளோ அப்படியே வருவா. முதல் வரிசையில நிப்பா. பார்க்கப் பிடிக்கலைன்னா, நீங்க திரும்பி நின்னுக்கோங்க.”